உயிர் பிழைக்கத் தகுதியானவள் யார்?

அமெரிக்கத் திரையுலகில் 'ஸ்லாஷர்' என்றொரு படவகை உண்டு. முகமூடி அணிந்த ஒருவன் கத்தியையோ கோடரியையோ ஏந்தியவாறு இளைஞர்களையும் யுவதிகளையும் ஒருவர் பின் ஒருவராகக் கொன்றுகொண்டு போவான். பொலிஸார் வரமாட்டார்கள், வந்தாலும் பிந்தியே வருவார்கள். இறுதியில் ஒரேயொரு பெண் மாத்திரம் இரத்தக் கறையுடன் உயிர் தப்பி நிற்பாள். கதை இவ்வளவுதான். இந்த ஒரே கதையை 50 ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பிச் சொல்லி ஹொலிவூட் கோடிக்கணக்கான டொலர்களைச் சம்பாதித்திருக்கிறது.

இத்தகைய படங்களைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். விருது பெறும் படங்களில் ஒரு சமுதாயம் தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்புகிறது என்பதைக் காணலாம். மலிவான படங்களிலோ, அந்தச் சமுதாயம் யோசிக்காமலே நம்புகின்ற விடயங்கள் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றன. குறைந்த செலவில், அவசர அவசரமாக, பதின்ம வயதினரின் நுழைவுச்சீட்டுப் பணத்தை நம்பி எடுக்கப்படும் படத்தில், நல்ல பெண் யார், கெட்ட பெண் யார், ஆண் எப்போது அழலாம், எவரது மரணத்துக்கு இரங்க வேண்டும் என்பனவெல்லாம் வாய்ப்பாடு போல எழுதப்பட்டிருக்கும். பால்நிலை வகிபாகம் பற்றிய பாடநூல் ஒன்றை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது.

குளியலறையில் தொடங்கிய கதை

இந்தப் படவகையின் மூலஊற்று அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) என்பதில் விமர்சகர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. காதலனைத் திருமணம் செய்துகொள்ள முடியாத பணக்கஷ்டத்தில் 40,000 டொலரைத் திருடிக்கொண்டு புறப்படுகிறாள் மரியன் கிறேன். வழியில் ஒரு விடுதியில் தங்குகிறாள். மனம் மாறி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென்று தீர்மானித்தபின் குளிக்கச் செல்கிறாள். அங்கே கத்தியால் குத்திக் கொல்லப்படுகிறாள். படத்தின் பாதிகூட அப்போது முடிந்திருக்கவில்லை. கதாநாயகியை இவ்வாறு நடுவழியில் கொல்வது அந்நாளைய ரசிகர்களுக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது.

அந்த ஒரு காட்சியில் பிற்காலத்துக்கான வித்துக்கள் அனைத்தும் இருந்தன. ஒழுக்கக் கோட்டைத் தாண்டிய பெண். அவளைச் சுவரிலுள்ள துவாரத்தின் ஊடாக ஒளிந்திருந்து பார்க்கும் ஆண். நிர்வாணமும் கத்தியும் ஒரே சட்டகத்தில். கொலைக்கான காரணமோ கொலைகாரனின் தாய். நோர்மன் பேட்ஸ் கொன்றான். பழி இறந்துபோன தாயின் தலையில் விழுந்தது. படத்தின் இறுதியில் உளவியல் மருத்துவர் ஒருவர் வந்து அதை விரிவாக விளக்கவும் செய்கிறார்.

1974ஆம் ஆண்டு இரண்டு படங்கள் வெளியாகின. ரோப் ஹூப்பரின் 'த டெக்சாஸ் செயின் சோ மசக்கர்' ஒன்று. அதில் சலி என்ற யுவதி தன் சகோதரனையும் நண்பர்களையும் இழந்து, ஒரு வாகனத்தின் பின்புறத்தில் ஏறித் தப்புகிறாள். அழுகையும் சிரிப்பும் கலந்த அவளது முகம் திரையுலக வரலாற்றில் நிலைத்துவிட்டது. மற்றையது கனடாவில் பொப் கிளார்க் இயக்கிய 'பிளக் கிறிஸ்மஸ்'. பல்கலைக்கழக மாணவிகளின் விடுதியொன்றுக்கு ஆபாசமான தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. மாணவி ஒருத்தியைக் காணவில்லை என்று முறையிடச் சென்றால், காதலனுடன் எங்காவது போயிருப்பாள் என்று பொலிஸ் அதிகாரி அலட்சியமாகச் சொல்கிறார். அவளோ அவ்விடுதியின் பரணிலேயே பிணமாகக் கிடக்கிறாள். இந்தப் படத்துக்குப் பின்னர் திரும்பி வருவோம்.

அடுத்து வந்ததுதான் ஜோன் கார்ப்பெண்டரின் 'ஹலோவீன்' (1978). சுமார் 3 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம் அமெரிக்காவில் மாத்திரம் 4 கோடி 70 இலட்சம் டொலர் வரையில் வசூலித்தது. 'சைக்கோ'வில் குளியலறையில் இறந்த ஜனெட் லீயின் மகள் ஜேமி லீ கேர்ட்டிஸ் இதில் லோறி ஸ்ட்ரோட் என்ற மாணவியாக நடித்தார். தாய் இறந்த இடத்தில் மகள் பிழைத்தாள் என்று சொல்லலாம். அயல்வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் லோறி கூச்ச சுபாவமுள்ளவள், காதலன் இல்லாதவள். அவளது தோழியர் அனியும் லின்டாவும் அப்படியல்லர். அவர்கள் இருவரும் இறக்கிறார்கள், லோறி பிழைக்கிறாள். இரண்டு ஆண்டுகள் கழித்து 'பிரைடே த தேர்ட்டீன்த்' (1980) வந்தது. சுமார் ஐந்தரை இலட்சம் டொலரில் எடுக்கப்பட்டு அமெரிக்காவில் 4 கோடி டொலரை நெருங்கிய அந்தப் படத்தின் பின்னர் தயாரிப்பாளர்கள் வரிசைகட்டி நின்றார்கள். சூத்திரம் கையில் கிடைத்துவிட்டதல்லவா?

சூத்திரத்தின் உள்ளடக்கம்

அந்தச் சூத்திரம் என்ன? காதலனுடன் படுக்கையைப் பகிர்ந்தவள் சாவாள். மது அருந்தியவள் சாவாள். உடையைக் களைந்தவள் அநேகமாக அடுத்த காட்சியில் சாவாள். புத்தகம் படிப்பவள், குழந்தையைப் பார்த்துக்கொள்பவள், காதலனுக்கு இடங்கொடாதவள் பிழைப்பாள். ஆண்களுக்கும் சில விதிகள் உண்டு. வீரம் பேசுபவன், "இதோ வந்துவிடுகிறேன்" என்று இருட்டுக்குள் செல்பவன், தோழியைப் பயமுறுத்தி விளையாடுபவன் ஆகியோர் மீள்வதில்லை.

1980ஆம் ஆண்டில் சிகாகோவின் புகழ்பெற்ற விமர்சகர்களான ஜீன் சிஸ்கலும் ரொஜர் ஈபர்ட்டும் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை முழுமையாகவே இப்படங்களைக் கண்டிப்பதற்கு ஒதுக்கினர். பெண்கள் சுதந்திரமாக வாழத் தொடங்கியமைக்கு எதிரான கோபத்தின் வெளிப்பாடே இவை என்பது அவர்களது வாதம். கமெரா கொலைகாரனின் கண்ணாக மாறுவதால் பார்வையாளன் கொலைகாரனின் பக்கத்தில் நிறுத்தப்படுகிறான் என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினர். ஆயினும் 'ஹலோவீன்' படத்தை இருவரும் விதிவிலக்காகக் கொண்டு பாராட்டினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அதிலே பார்வையாளனின் பரிவு இரையாகும் பெண்ணிடம் இருக்கிறது என்பது அவர்கள் கூறிய காரணம்.

ஏழு ஆண்டுகள் கழித்து இந்த விவாதத்தின் திசையையே மாற்றினார் கறொல் குளோவர். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியையான இவரது துறை, மத்தியகால ஸ்கண்டிநேவிய இலக்கியம். ஐஸ்லாந்தின் பழைய வீரகதைகளைப் படித்தவருக்கு, ஒரே கதையைப் பலர் பலவிதமாகத் திரும்பத் திரும்பச் சொல்லும் மரபு புதியதன்று. அதே கண்ணோடு அவர் இப்படங்களையும் பார்த்தார். 1987இல் வெளியான அவரது கட்டுரையிலும், 1992இல் வெளியான 'மென், விமென் அன்ட் செயின் சோஸ்' என்ற நூலிலும், கடைசியில் எஞ்சும் அந்தப் பெண்ணுக்கு 'இறுதிப் பெண்' என்று பெயர் சூட்டினார்.

குளோவரின் கேள்வி எளிமையானது. இப்படங்களைப் பார்ப்பவர்களில் பெரும்பான்மையினர் இளம் ஆண்கள். அப்படியாயின் ஒரு பெண்ணின் பயத்தையும் ஓட்டத்தையும் வெற்றியையும் தம்முடையதாக எண்ணி ஏன் அவர்கள் ஒன்றரை மணித்தியாலம் இருக்கையின் நுனியில் அமர்ந்திருக்கிறார்கள்? பெண்ணின் துன்பத்தைக் கண்டு மகிழ்வதற்காக மட்டுமே வருகிறார்கள் என்றால், அவள் கொலைகாரனைத் திருப்பிக் குத்தும்போது அவர்கள் ஏன் கைதட்ட வேண்டும்? அஞ்சுவதும் அழுவதும் ஆணுக்கு அழகல்ல என்று கற்பிக்கப்பட்ட இளைஞன், ஒரு பெண்ணின் உடலை இரவல் வாங்கி அஞ்சுகிறான், அழுகிறான். அதனாற்றான் இறுதிப் பெண் சற்றே ஆண்பிள்ளைத்தனம் உடையவளாகவும், இருபாலாருக்கும் பொருந்தும் பெயர் கொண்டவளாகவும் படைக்கப்படுகிறாள் என்பது குளோவரின் விளக்கம்.

இந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இறுதிப் பெண்ணைப் பெண்ணிலைவாதத்தின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் பலர். ஆனால் குளோவரே அதை ஏற்கவில்லை. அவ்வாறு கொண்டாடுவது வீண் ஆசையின் வெளிப்பாடு என்று அவர் அன்றே எச்சரித்திருந்தார். அவருடைய பெயரைச் சொல்லி வாதாடுபவர்கள் அந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை போலும்.

எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது

பெண்களே அதிகமாகக் கொல்லப்படுகிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. ஆய்வாளர்கள் சிலர் பொறுமையாக இருந்து எண்ணிப் பார்த்தார்கள். 1990இல் குளோரியா கோவன், மார்கரெட் ஒப்றையன் ஆகிய இருவரும் 56 படங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாகவே தாக்குதலுக்கு உள்ளாகிறார்கள். பிழைப்பவர்களில் பெண்களே அதிகம். இதைக் கேட்டு இப்படங்களின் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஆய்வு அத்துடன் முடியவில்லை. பிழைத்த பெண்களையும் இறந்த பெண்களையும் பிரித்த பிரதான வேறுபாடு, பாலியல் நடத்தையாக இருந்தது. இறந்த ஆண்களிடமோ மோசமான ஆண்மைக் குணங்கள் மிகுந்திருந்தன.

1993இல் வெளியான இன்னோர் ஆய்வு, பெண்கள் அச்சத்தில் உறைந்திருப்பதைத் திரை நெடுநேரம் காட்டுகிறது என்று கண்டது. 2010இல் அன்ட்ரூ வெல்ஷ் என்பவர் 50 படங்களை ஆராய்ந்து, பாலுறவில் ஈடுபடும் பெண் பாத்திரங்கள் பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்பதுடன் அவர்களது மரணக்காட்சி நீண்டதாகவும் இருக்கிறது என்று காட்டினார்.

ஆகவே பிணங்களின் தொகையில் அல்ல விடயம் தங்கியிருப்பது. ஆண் ஒருவன் கதவைத் திறக்கிறான், கத்தி பாய்கிறது, முடிந்துவிட்டது. பெண்ணோ ஓடுகிறாள், விழுகிறாள், ஒளிகிறாள், கெஞ்சுகிறாள். கமெரா கூடவே ஓடுகிறது. ஆணின் மரணம் கதையின் ஒரு சம்பவம். பெண்ணின் மரணம் காட்சிப்பொருள். சமமான எண்ணிக்கையைக் காட்டிச் சமத்துவம் பேசுவோர் இந்த வேறுபாட்டைத் தாண்டிச் செல்ல முடியாது.

அதேவேளை படைத்தவர்களின் நோக்கத்தையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஒழுக்கம் போதிக்கும் எண்ணம் தமக்கு இருக்கவில்லை என்று கார்ப்பெண்டர் பல தடவைகள் சொல்லியிருக்கிறார். படத்தைக் கூர்ந்து பார்த்தால் அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. லோறி ஒன்றும் துறவியல்ல. காருக்குள் தோழியுடன் சேர்ந்து கஞ்சா புகைக்கிறாள். பள்ளித் தோழன் ஒருவன்மீது அவளுக்கும் மனம் உண்டு. அவள் பிழைப்பதற்குக் காரணம் விழிப்பு. தெருவோரம் நிற்கும் உருவத்தை அவள் ஒருத்திதான் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். கொலைகாரன் நெருங்கியபோது அவள் கையில் எடுத்தது பின்னல் ஊசி. அடுத்து, அலுமாரியில் துணி மாட்டும் கம்பி. பெண்ணுக்குரியவை என்று வீடு ஒதுக்கிய பொருட்களே அவளுடைய ஆயுதங்கள்.

இப்படத்தின் இணை எழுத்தாளரும் தயாரிப்பாளரும் டெப்ரா ஹில் என்ற பெண்மணி. யுவதிகளின் உரையாடல்களில் பெரும்பகுதி அவர் எழுதியது. கொல்லப்படும் அனியும் லின்டாவும் இன்றும் நினைவில் நிற்பதற்கு அதுவே காரணம். அவர்கள் சிரிக்கிறார்கள், வம்பு பேசுகிறார்கள், ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள். உயிருள்ள பெண்களாக இருந்து இறக்கிறார்கள். பின்வந்தவர்கள் 'ஹலோவீன்' படத்திலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு அந்த உரையாடல்களை விட்டுவிட்டார்கள்.

பெண்கள் எழுதினால் எல்லாம் மாறிவிடும் என்றும் இல்லை. 'த ஸ்லம்பர் பார்ட்டி மசக்கர்' (1982) படத்தின் திரைக்கதையைப் பெண்ணிலைவாத நாவலாசிரியை ரீற்றா மே பிறவுண், இந்தப் படவகையை நையாண்டி செய்யும் நோக்கில் எழுதினார். இயக்கியவரும் ஏமி ஜோன்ஸ் என்ற பெண்ணே. தயாரிப்பாளரான ரொஜர் கோர்மனின் முகாமிலிருந்து வெளிவந்தபோது அது வழமையான நிர்வாணக் காட்சிகளுடன் வழமையான படமாகவே விற்பனை செய்யப்பட்டது. ஆயினும் கொலைகாரன் ஏந்திய நீண்ட துளைகருவியின் முனையைப் பெண்ணொருத்தி வெட்டி வீழ்த்தும் காட்சியில் அந்த நையாண்டி உயிரோடு எஞ்சியிருக்கிறது. சந்தை எழுத்தாளரின் கையைக் கட்டலாம். முழுமையாகக் கட்ட முடிவதில்லை.

ஆணும் தப்பவில்லை

பால்நிலை வகிபாகம் என்றதும் பெண்ணை மாத்திரம் பேசிவிட்டு நிறுத்துவது எமது வழக்கம். இப்படங்கள் ஆண்களையும் ஒரு கூட்டுக்குள் அடைத்தே வைத்திருக்கின்றன. கொலைகாரன் பெரும்பாலும் 'குறைபட்ட' ஆண். தாயின் முந்தானையை விட்டு அகலாதவன். பெண்ணை நெருங்கத் தெரியாதவன். பெண்ணுடையில் வரும் கொலைகாரன் 'சைக்கோ'வில் தொடங்கி 'டிரெஸ்ட் டு கில்' (1980), 'த சைலன்ஸ் ஒப் த லாம்ப்ஸ்' (1991) வரை நீள்கிறான். பால்நிலையின் எல்லையில் நிற்பவன் அபாயகரமானவன் என்ற எண்ணத்தை இப்படங்கள் எவ்வளவு ஆழமாக விதைத்தன என்பதைத் திருநங்கையர் தமது அன்றாட வாழ்வில் அனுபவித்திருக்கிறார்கள்.

'பிரைடே த தேர்ட்டீன்த்' முதற்படத்தில் கொலைசெய்வது முகமூடிக்காரன் ஜேசன் அல்லன்; அவனுடைய தாய். கண்காணிக்க வேண்டிய இளைஞர்கள் காதலில் மூழ்கியிருந்த வேளையில் மகன் நீரில் மூழ்கியதற்காக அவள் பழிவாங்குகிறாள். தாய்மையும் கொலைவெறியும் ஒன்றாக்கப்பட்ட விசித்திரம் இது. மகனைப் பிழையாக வளர்த்தாலும் குற்றம் தாயுடையது. அளவுக்குமீறி நேசித்தாலும் குற்றம் தாயுடையது. தந்தை என்றொருவர் இந்தப் படங்களில் பெரும்பாலும் விசாரிக்கப்படுவதே இல்லை.

அழும் ஆணுக்கு என்ன நேரும் என்பதற்கு 1985இல் வெளியான 'எ நைட்மெயர் ஒன் எல்ம் ஸ்ட்ரீட்' இரண்டாம் பாகம் சான்று. வழமைக்கு மாறாக இதில் அஞ்சி அலறும் பாத்திரம் ஓர் இளைஞனுக்கு வழங்கப்பட்டது. நடித்தவர் மார்க் பட்டன். பெண் அலறினால் பயங்கரம். ஆண் அலறினால் பரிகாசம். படத்தில் மறைபொருளாக இருந்த ஓரினச்சேர்க்கைச் சாயலுக்கும் சேர்த்துப் பழி அந்த நடிகர்மீது விழுந்தது. அவர் திரையுலகை விட்டே ஒதுங்கினார். அவருடைய கதையைச் சொல்லும் ஆவணப்படம் 2019இல்தான் வந்தது. இளைஞர்கள் தமது பயத்தைப் பெண்ணுடலில் ஒளித்து அனுபவிக்கிறார்கள் என்று குளோவர் சொன்னதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

விதியை அறிந்த பெண்

1996இல் வெஸ் கிறேவன் இயக்கிய 'ஸ்கிறீம்' வந்தது. கெவின் வில்லியம்சன் எழுதிய இப்படத்தின் பாத்திரங்கள் பழைய படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். விதிகளை மனப்பாடமாக அறிந்தவர்கள். பயங்கரப் படங்களில் வரும் பெண் வாசலால் ஓடாமல் மாடிப்படியில் ஓடுகிறாளே என்று கதாநாயகி சிட்னி ஏளனம் செய்கிறாள். சற்று நேரத்தில் கொலைகாரன் வீட்டுக்குள் வந்ததும் அவளும் மாடிக்குத்தான் ஓடுகிறாள். ஏனென்றால் வாசற்கதவில் அவளே பாதுகாப்புக்காகச் சங்கிலி மாட்டியிருந்தாள். ஓடுபவளைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அவள் இடத்தில் நின்றால் கதவு திறக்காது. அந்த ஒரு காட்சியில் ஒரு முழு விமர்சனம் அடங்கியிருக்கிறது.

சிட்னி காதலனுடன் உறவுகொண்டபின்னும் பிழைக்கிறாள். இதனைப் பலரும் பெரிய திருப்புமுனையாகக் கொண்டாடினார்கள். அதனிலும் முக்கியமானது, கொலைகாரர்கள் யார் என்பது. ஒருவன் அவளுடைய காதலன். மற்றவன் அவனுடைய நண்பன். முகமூடியைக் கழற்றியபோது தெரிந்த முகம் தினமும் பாடசாலையில் கண்ட முகம்.

2018ஆம் ஆண்டின் 'ஹலோவீன்' படத்தில் லோறி பேத்தி கண்ட மூதாட்டி. மூன்று தலைமுறைப் பெண்கள் சேர்ந்து கொலைகாரனைப் பொறியில் சிக்கவைக்கிறார்கள். 2022இல் வந்த 'எக்ஸ்' படத்தில் ஆபாசப்பட நடிகையே உயிர் பிழைக்கிறாள். பழைய விதிகள் உடைந்துவிட்டன என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். ஆயினும் இத்தொடர்களின் வரலாற்றைப் பார்த்தால் எச்சரிக்கை வேண்டும். 'பிரைடே த தேர்ட்டீன்த்' படத்தில் பிழைத்த அலிஸ், 1981இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டாள். எல்ம் ஸ்ட்ரீட்டில் தானே பொறிகளை அமைத்துப் போராடிய நான்சி 1987இல் மூன்றாம் பாகத்தில் இறந்தாள். லோறியையும் 2002இல் ஒரு தடவை கொன்றார்கள். பின்னர் வசூலுக்காக அந்த மரணத்தை இல்லாமற்செய்தார்கள். கொலைகாரன் நிரந்தரமானவன், பிழைத்தவள் அடுத்த படம் வரையிலும்தான். விளம்பரத் தட்டியிலும் அவனுடைய முகமூடியே இருக்கும்.

அதே வாரம், தமிழில்

இதெல்லாம் அமெரிக்கர்களின் பிரச்சினை என்று நாம் கைகழுவிவிட முடியாது. 'ஹலோவீன்' திரையிடப்பட்டது 1978 ஒக்டோபர் 25ஆம் திகதி. மூன்று நாட்கள் கழித்து, ஒக்டோபர் 28ஆம் திகதி, பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வெளியானது. ஒருவரையொருவர் அறியாத இரு படங்கள் ஏறத்தாழ ஒரே விதியைச் சொல்லின. கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம் தன்னிடம் இணங்கிவரும் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிறது. திருமணத்துக்கு முன் நெருங்கவிடாத சாரதா, அவனுடைய மனைவியாகி, உண்மையை அறிந்து, உயிர் தப்புகிறாள். ஸ்ரீதேவி நடித்த அந்தச் சாரதாவும் ஓர் இறுதிப் பெண்ணே.

வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்கக் கொலைகாரனுக்கு முகமில்லை. மைக்கல் மயர்ஸுக்கு வசனம்கூட இல்லை. எங்கள் கொலைகாரன் கதாநாயகன். அவன் ஏன் கொல்கிறான் என்பதற்குப் பெண்களால் வஞ்சிக்கப்பட்ட கதை ஒன்று விரிவாகச் சொல்லப்படும். 2004இல் சிலம்பரசன் கதை எழுதி நடித்த 'மன்மதன்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. காதலில் துரோகம் செய்யும் பெண்களைத் தேடிக் கொல்பவன் அதில் பாடல்களுடன் வலம்வருகிறான்; தண்டனை எதுவுமின்றிப் படம் முடிகிறது. அமெரிக்கப் படத்தில் ஒழுக்க விதி மறைந்திருந்தது; ஆய்வாளர்கள் எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்களுடைய படத்தில் அது கைதட்டலுக்கு உரிய வசனமாக வந்தது.

வீட்டுக்குள்ளிருந்து வந்த அழைப்பு

திரைக்கு வெளியே இந்த விதிக்கு என்ன வேலை என்பதே எனது கவலை. நோர்வே நாட்டின் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1986இல் 'இலட்சியப் பலியாள்' என்றொரு கருத்தை முன்வைத்தார். நோயுற்ற சகோதரியைப் பார்த்துவிட்டுப் பட்டப்பகலில் வீடு திரும்பும் மூதாட்டி, முன்பின் அறியாத முரடன் ஒருவனால் தாக்கப்பட்டால் உலகம் உடனே இரங்கும். நல்ல வேலையில் இருந்தாள், நல்ல நேரத்தில் சென்றாள், நல்ல பாதையில் சென்றாள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் இரக்கமும் குறையும்.

தமிழ்ப் பத்திரிகைகளின் குற்றச்செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது புதியதன்று. கொல்லப்பட்டவள் பரீட்சைக்குச் சென்ற மாணவியாயின் 'அப்பாவி'. இரவில் தனியாக வந்தவளாயின், அந்நேரத்தில் அங்கே என்ன வேலை என்ற கேள்வி செய்தியின் இரண்டாம் பந்தியிலேயே எழும். திருமணமான பெண்ணாயின் 'கள்ளக்காதல்' என்ற ஒரு சொல் தலைப்பில் ஏறி, விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பை எழுதிவிடும். கொன்றவனைப் பற்றிச் செய்தியில் ஒரு வரி. கொல்லப்பட்டவளின் நடத்தை பற்றிப் பத்து வரி. ஸ்லாஷர் படத்தின் விதியே இதுவும். அங்கே திரைக்கதை ஆசிரியர் தண்டிக்கிறார். இங்கே செய்தி ஆசிரியர் தண்டிக்கிறார். அங்கே இறந்தவள் நடிகை. படப்பிடிப்பு முடிந்ததும் எழுந்து வீடு செல்வாள்.

இப்போது 'பிளக் கிறிஸ்மஸ்' படத்துக்குத் திரும்புவோம். அதன் கதாநாயகி ஜெஸ் கர்ப்பிணி. கருவைக் கலைக்க விரும்புகிறாள், காதலன் எதிர்க்கிறான், அவள் தன் முடிவில் நிற்கிறாள். இந்தப் படவகையின் முதல் இறுதிப் பெண்களில் ஒருத்தி கன்னியல்லள் என்பதையும், படம் அவளைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. கன்னி பிழைப்பாள் என்ற விதி இயற்கையானது அல்ல. 1974இல் அது இல்லை. பின்னர் வந்தவர்கள் அதைத் தெரிவுசெய்து சேர்த்தார்கள்.

அந்தப் படத்தின் உச்சக்கட்டத்தில் தொலைபேசி நிலைய ஊழியர் அழைப்புகளின் மூலத்தைக் கண்டுபிடிக்கிறார். அவை வெளியிலிருந்து வரவில்லை; அதே விடுதியின் இன்னொரு தொலைபேசியிலிருந்து வருகின்றன. கொலைகாரன் தொடக்கம் முதலே கூரைக்குக் கீழேதான் இருந்திருக்கிறான்.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணிப்பின்படி 2023ஆம் ஆண்டில் உலகில் சுமார் 85,000 பெண்களும் சிறுமியரும் திட்டமிட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 51,100 பேரைக் கொன்றவர்கள் கணவர்கள், காதலர்கள், குடும்ப உறுப்பினர்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 140 பேர். இந்தப் பெண்கள் காட்டு முகாமில் இருக்கவில்லை. நள்ளிரவில் தெருவில் நிற்கவில்லை. வீட்டில் இருந்தார்கள். சமைத்துக்கொண்டும் பிள்ளையை உறங்கவைத்துக்கொண்டும் இருந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ! கூச்ச சுபாவமும் நன்னடத்தையும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

இப்படங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயம் மனிதனுக்கு வேண்டிய உணர்ச்சி. அதைத் திரையில் அனுபவிப்பதில் பாவமில்லை. அவற்றுள் சில உண்மையிலேயே திறமையான படைப்புகள். ஆனால் முகமூடிக்காரனுக்குப் பயந்து வாசற்கதவுக்குச் சங்கிலி மாட்டும் பழக்கத்தைத் திரை எங்களுக்குக் கற்றுத்தந்திருக்கிறது. உள்ளே இருப்பவனைப் பற்றி அது குறைவாகவே பேசியிருக்கிறது. எங்கள் மகள்மாரிடம் நாங்களும் அதையேதான் சொல்லி வளர்க்கிறோம்: நேரத்தோடு வீட்டுக்கு வா, அடக்கமாக இரு, உனக்கு ஒன்றும் நேராது.

அடுத்த முறை ஒரு பெண் கொல்லப்பட்ட செய்தியை வாசிக்கும்போது, அவள் என்ன உடுத்திருந்தாள், யாருடன் பேசினாள், எத்தனை மணிக்குப் போனாள் என்று மனம் தேடத் தொடங்கினால், வாசகர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். அவள் பிழைக்கத் தகுதியானவள்தானா என்று நாம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். உயிர் என்பது நன்னடத்தைக்கு வழங்கப்படும் பரிசு அன்று.